ஒப்படைத்த நேரம்

பள்ளியின் வெளிக்கதவு காலை ஏழரைக்குத் திறக்கும். அவள் தன் இரண்டு பிள்ளைகளையும் ஆறு இருபதுக்கே அதன் முன்னால் கொண்டுவந்து விட்டுவிடுவாள். கணவன் வீட்டைவிட்டுப் போன மறுநாளிலிருந்து இப்படித்தான். அதற்கு முன் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது அவன் பாடு. மூக்குக்கண்ணாடிக் கடையை ஒன்பதரைக்குத்தான் திறப்பான். அவசரம் என்கிற சங்கதியே இல்லாத காலைகள் அவனுடையவை.

அவளுக்கு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலை. ஆறே முக்காலுக்குத் தட்டோடு முதல் வார்டில் நிற்க வேண்டும். மூன்று மாடியும் சேர்த்து அறுபது எழுபது கைகள். எட்டு மணிக்குள் எல்லாக் குழாய்களும் கீழே ஆய்வகத்துக்குப் போனால்தான் மருத்துவர்கள் வரும் நேரத்துக்கு முடிவுகள் தயாராக இருக்கும். வார்டுகளில் அவளுக்குக் கொசு என்று பெயர். "கொசு வந்தாச்சு, சட்டைக் கையை மடிச்சு வைங்க" என்று நர்சுகள் குரல் கொடுப்பார்கள். பாராட்டுதான். கொசு கடிக்கும்போது தெரியாது, போன பிறகுதான் தெரியும். அவளும் அப்படி.

அவன் போனபோது சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சு தேய்ந்து, பிறகு உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில் நின்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டு பெட்டிகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா வீடு பள்ளிக்குப் பின்தெருவில் இருந்தது. அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் அவளிடம் இருக்கட்டும் என்று அவனே சொன்னான். ஒரே ஒரு நிபந்தனை.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து எழுத்துல ஒரு புகார் வந்தா, அன்னைக்கே ரெண்டு பேரும் எங்கிட்ட வந்துடணும். அப்புறம் பேச்சு வளர்க்கக் கூடாது."

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். பெரியவள் வகுப்பில் முதல் மாணவி. சின்னவன் எறும்பைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போகிறவன். புகார் எங்கிருந்து வரப்போகிறது?

பள்ளி வாசலில் மூன்று படிகள், மேலே ஒரு தகரக் கூரை. நான்கு பேர் ஒதுங்கலாம். காற்றோடு மழை வந்தால் இரண்டு பேர். இடது தூணில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் மீட்டர். கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் காவலாளியின் அறை. அவர் ஆறு மணிக்கே வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் வாரமே அவள் கேட்டுப் பார்த்தாள்.

"ஐயா, உங்க ரூம்லயாவது உக்கார வெச்சுக்கலாம்ல?"

"எனக்குக் குடுத்த பொறுப்பு கதவும்மா. பிள்ளைங்க இல்ல. நாளைக்கு ஒண்ணு விழுந்து பல்லு ஒடஞ்சா யாரைப் பிடிப்பாங்க? பல்லு திரும்ப மொளைக்கும். என் வேலை மொளைக்குமா?"

அவள் மட்டும் அல்ல. பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஆறு பத்துக்குத் தன் மகனோடு வந்து, ஆறு நாற்பதுக்குப் பணிமனைக்குக் கிளம்புவார். ஆறரைக்கு மேல் தையற்காரி தன் மகளோடு வருவாள். சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை. ஏழு பத்துக்கு முனையில் கம்பெனி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். ஆக, அவள் பிள்ளைகளை ஓட்டுநரிடம் விடுவாள். ஓட்டுநர் மூன்று பேரைத் தையற்காரியிடம் விடுவார். தையற்காரி நான்கு பேரைப் படியிலேயே விட்டுவிட்டு ஓடுவாள். மீதி இருபது நிமிடத்துக்குப் பத்து வயதுப் பெரியவள்தான் பெரியவர். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச்சில் எடுத்ததில்லை.

ஒரு நாள் ஓட்டுநரின் மகன் குப்பை வண்டி பின்பக்கத்தைத் தூக்குவதைப் பார்க்க அடுத்த தெரு வரை போய்விட்டான். ஐந்து நிமிடத்தில் அவனாகத் திரும்பி வந்தான். ஆனால் மறுநாள் காலை தையற்காரி சீக்கிரமே வந்துவிட, படியில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது.

"உங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்" என்றார் ஓட்டுநர்.

"எப்ப சொன்னீங்க? நான் வந்தப்ப நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டினீங்க. நான் டாட்டா காட்டறீங்கன்னு நெனச்சேன்."

"அடியாத்தே, உனக்கு நான் எதுக்கு டாட்டா காட்டணும்?"

அவள் சிரிக்கவில்லை. இருவர் சொல்வதும் உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு. குழாய் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் அதன் லேபிளில் இரண்டு விவரம் ஏறும்: யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு. அந்த இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கீழே ஆய்வகத்தில் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நோயாளி எத்தனை சிரமப்பட்டுக் கொடுத்த ரத்தமானாலும் சரி, மறுபடி குத்தத்தான் வேண்டும்.

அச்சு நகர்ந்துபோனதால் ஒதுக்கி வைத்திருந்த லேபிள் சுருள் ஒன்றை ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் தையற்காரி வரும்வரை நின்று, ஒவ்வொரு பிள்ளையின் புறங்கையிலும் ஒன்று ஒட்டினாள். மேலே பிள்ளையின் பெயர். கீழே ஒப்படைத்தவர், நேரம். அதற்கும் கீழே அடுத்தவர் எழுத இரண்டு வரி இடம்.

"என்ன தங்கச்சி, எம்பையனை டெஸ்டுக்கு அனுப்பறியா?" என்றார் ஓட்டுநர். "அப்படியே மூளை இருக்கான்னும் பாத்துச் சொல்லு. வாத்தியாரு ரொம்ப நாளா கேக்கறாரு."

"அதுக்கு அப்பா ரத்தத்தையும் சேத்து எடுக்கணும்ணே" என்றாள் தையற்காரி.

சிரித்துக்கொண்டேதான் எழுதினார்கள். ஆனால் எழுதினார்கள். ஒரு வாரத்தில் பழக்கமாகிவிட்டது. தையற்காரி மகளின் லேபிளில் மட்டும் பெயரை எழுதிப் பெரியவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஓட்டுநர் ஆறு நாற்பது என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டே நகர்வார். பிள்ளைகளும் லேபிள் ஒட்டிய கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டு படியைவிட்டு இறங்காமல் இருந்தார்கள். ஒருமுறை மட்டும் தையற்காரி சொன்னாள்: "அக்கா, ஆறு இருபதுன்னு பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஏழுன்னு போடேன். யாரு கேக்கப்போறா?"

"நேரத்தை மாத்தி எழுதக் கூடாது" என்றாள் அவள். வேறு காரணம் சொல்லத் தோன்றவில்லை. பதினோரு வருடத்தில் அவள் மாற்றி எழுதியதே இல்லை. மாற்றி எழுதிய ஒருவனை அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறாள்.

லேபிள்கள் பிறகு எங்கே போகின்றன என்று அவள் யோசித்ததில்லை. மாலையில் பிள்ளைகளின் கைகள் வெறுமையாக இருக்கும். உரித்து எறிந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை, தண்ணீர் மீட்டரின் அளவெடுக்க ஆள் வந்தான். தூணில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தவன் காவலாளியைக் கூப்பிட்டான். காவலாளி வந்து பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியையைக் கூப்பிட்டார். பெட்டிக்கதவின் உட்பக்கம் முழுக்க லேபிள்கள். கதவு திறக்கும் நேரத்தில் பெரியவள் ஒவ்வொருவர் கையிலிருந்தும் உரித்து, கோணல் இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரு வரிசையாக, தேதிப்படி ஒட்டி வைத்திருந்தாள். தோலிலிருந்து சுலபமாக வரும் அந்த ஒட்டு இரும்பிலிருந்து வராது. குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் உரியக் கூடாது என்று செய்தது.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவளை வரச்சொல்லியிருந்தார்கள். தலைமை ஆசிரியையின் மேஜையில் அந்தக் கதவே இருந்தது. கீல்களைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"உக்காருங்கம்மா. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"நூத்திப் பதினெட்டு இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

முழுதாக எழுதி முடித்த லேபிளை அவள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள். அவள் பார்த்தது எப்போதும் முதல் வரி மட்டும்தான். மற்ற வரிகள் ஏறும்போது அவள் வார்டில் இருப்பாள். அவள் பிள்ளைகளின் லேபிள்களில் ஆறு இருபது, அவள் கையெழுத்து. ஆறு நாற்பது, ஓட்டுநரின் கிறுக்கல். கடைசி வரியில் தையற்காரி ஏழு பத்து என்று எழுதியிருந்தாள். அதற்கு எதிரே யார் என்ற இடம் காலி. எல்லா லேபிளிலும் காலி. ஆய்வகத்துக்கு இப்படி ஒரு தட்டு போயிருந்தால் நூற்றுப் பதினெட்டையும் கொட்டியிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அப்போது வந்தது அந்த ஒரு நினைப்புதான்.

"நீங்க சீக்கிரம் கொண்டுவந்து விடறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் கோபம் இல்லை. தலைவலிக்காரரின் குரல். "எல்லாப் பள்ளிக்கூடத்து வாசல்லயும் நாலு பிள்ளைங்க நிக்கும். பாத்தும் பாக்காத மாதிரி போயிடுவோம். எங்களுக்கும் வேற வழி இல்ல, உங்களுக்கும் இல்ல. ஆனா இப்படி நாள், நேரம், கையெழுத்தோட குடுத்துட்டா நான் எந்தக் கண்ணை மூடறது?"

"பிள்ளை தொலைஞ்சிடக் கூடாதுன்னுதான் மேடம்."

"புரியுது. ஏழு இருபதுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே."

அவள் கடைசி லேபிளின் காலி இடத்தையே பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதம் போகும். நாலு குடும்பத்துக்கும், சாரி, மூணு குடும்பத்துக்கும். படிவத்துல அம்மா அப்பா ரெண்டு பேரு முகவரியும் இருந்தா ரெண்டுக்கும் போகும். மிரட்டல் எல்லாம் இல்ல. கவனிப்பாரில்லாம விடப்படுதுன்னு ஒரு வரி, இனிமே கூடாதுன்னு ஒரு வரி."

"அவருக்கு அனுப்பாம இருக்க முடியுமா?"

தலைமை ஆசிரியை அந்தக் கதவை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "அதுக்குள்ள வேற ஏற்பாடு செஞ்சாச்சு, பெரியவங்க ஒருத்தர் ஏழரை வரைக்கும் கூட இருப்பாங்க, இன்னார்னு நீங்க எழுதிக் குடுத்தா கடிதமே தேவைப்படாது. ஃபைலை மூடிடுவேன். பொய்யா எழுதாதீங்க. எழுத மாட்டீங்கன்னு இதைப் பாத்தாலே தெரியுது."

மறுநாள் காலை ஓட்டுநர் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "கடுதாசிதானே தங்கச்சி, வரட்டும். எம் பொண்டாட்டி திட்டாத திட்டா? படிச்சிட்டு மடிச்சு வெச்சுக்குவேன்."

"உங்களுக்கு என்னண்ணே, மடிச்சு வெச்சுக்குவீங்க" என்றாள் தையற்காரி. அவளுக்கு அந்த நிபந்தனை தெரியும். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "ஊர் உலகத்துல ஒரு பேச்சுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத ஆளு எனக்குத்தானா வந்து வாய்க்கணும்? நான் இருக்கேன்னு எழுதிக் குடுத்துடவா? வண்டிக்காரன்கிட்ட இருபது நிமிஷம் கெஞ்சிப் பாக்கறேன்."

"வண்டி நிக்குமா?"

"நிக்காது."

"அப்ப வேண்டாம்."

அன்று வேலை முடிந்ததும் ஆய்வகப் பொறுப்பாளரிடம் போனாள். ஏழே முக்காலுக்கு வர முடியுமா என்று கேட்டாள். அவர் சுவரில் இருந்த பணிப்பட்டியலைக் காட்டினார். "கொசு ஏழே முக்காலுக்குக் கடிச்சா டாக்டர் ஒன்பதரைக்கு எதைப் பாப்பாரு? வேணும்னா மத்தியான ஷிப்ட் எடுத்துக்க. ஒண்ணுலேர்ந்து ஒன்பது."

ஒன்றிலிருந்து ஒன்பது என்றால் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும். அவள் திரும்பும்போது அவர்கள் தூங்கியிருப்பார்கள். காலையில் விடுவதற்குப் பதில் மாலை முழுக்க விட வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மாலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கணவனுக்குப் போன் செய்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. பின்னணியில், கடையில் யாரோ ஒருவர் கண் சோதிக்கச் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு."

"காலைல பிள்ளைங்களை விடறது கஷ்டமா இருக்கு."

"எத்தனை மணிக்கு விடற?"

"ஆறு இருபதுக்கு."

எழுத்துகளைப் படிக்கும் குரல் நின்றுபோனது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும்.

"எத்தனை நாளா?"

"நீங்க போன மறுநாள்லேர்ந்து."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அண்ணன் வீட்டில் சொன்ன நிபந்தனையை எடுப்பான், இவள் எதிர்த்துப் பேசுவாள், ஒரு மணி நேரம் அப்படிப் போகும் என்று. அவன் கத்தவில்லை, நிபந்தனையையும் எடுக்கவில்லை.

"நான் அங்கேர்ந்து மூணு நிமிஷத்துல இருக்கேன்" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நீங்களும் கேட்டிருக்கலாம்."

"சரி."

ஒரு பேருந்து வந்து போனது. அது அவளுடையதுதான்.

"காலைல நீங்க வந்து நிக்க முடியுமா? ஏழரை வரைக்கும்."

"ஆறு இருபதுக்கு நடுரோட்டுல என்னத்துக்கு நிக்கணும்? அவங்க எங்க வீட்லயே தூங்கி எழுந்து வரலாமே." அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஜெயித்தவன் குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏதாவது இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கிட்ட. வெள்ளி ஸ்கூல் விட்டதும் நீ கூட்டிட்டுப் போ. லீவுல பாதிப் பாதி. உங்கண்ணனைக் கூப்பிட்டு மறுபடி உக்காரணுமா?"

அவள் கணக்குப் போட்டாள். கடிதம் போனால் ஏழு நாளும் போகும். இப்படியானால் வாரத்துக்கு இரண்டு இரவு நிற்கும். ஒரு நரம்பு கிடைக்காதபோது அடுத்த கையைக் கேட்பது போலத்தான் அதையும் யோசித்தாள்.

"வேண்டாம்" என்றாள். "உக்கார வேண்டாம்."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, இடைவேளையில் வந்து, எழுதிய தாளைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தாள். திங்கள் முதல் பிள்ளைகள் தந்தையின் வீட்டிலிருந்து ஏழரைக்கு மேல் வருவார்கள் என்று நான்கு வரி. தலைமை ஆசிரியை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது உங்களுக்குச் சரிதானா?"

"சரிதான் மேடம்."

"நான் யாராவது அத்தை, சித்தின்னு எழுதிக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு மேலே முத்திரை குத்தினார்.

மற்ற இரண்டு கடிதங்களும் மதியம் போயின.

ஞாயிறு மாலை இரண்டு பைகள், சின்னவனின் தலையணை, பெரியவளின் கணிதப் பெட்டி. வழியில் பெரியவள்தான் கேட்டாள்.

"அந்த லேபிள் நான் ஒட்டினதாலயாம்மா?"

"இல்ல."

"நான் வரிசையா ஒட்டினதாலதான் மிஸ் ஈஸியா படிச்சாங்கன்னு வாட்ச்மேன் தாத்தா சொன்னாரு."

"அவரு கிடக்கறாரு. நல்லாத்தான் ஒட்டியிருந்த. ஒண்ணுகூடக் கோணல் இல்ல."

பெரியவள் அதை நம்பவில்லை என்பது அவள் நடையில் தெரிந்தது.

கதவைத் திறந்தது கணவனின் அக்கா. "வாங்க, வாங்க. டேய், உங்க கொசுவம்மா உள்ள வருவாளா, வாசலோடயே பறந்துடுவாளா?" என்றாள். பகையில்லை, பழைய கேலிதான். இவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே ஒரு அறையில் புதிதாக இரண்டு கட்டில்கள் போட்டிருந்தது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மெத்தையின் மேலுறையை இன்னும் பிரிக்கவில்லை. பள்ளிக் கட்டிடத்தின் பின்சுவர் அந்த அறை ஜன்னலுக்கு நேர் எதிரே.

அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சின்னவனுக்கு இரவில் விளக்கு வேண்டும். பெரியவள் பால் குடித்தேன் என்று சொன்னால் டம்ளரைப் பார்க்க வேண்டும். கணவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

சின்னவன் அதற்குள் உள்ளே போய்க் கட்டிலில் ஏறி, ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"அப்பா, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்துக்கணும்?"

"ஏழு மணிக்கு எழுந்தாப் போதும்டா."

"ஏழா?" அவனால் நம்ப முடியவில்லை. தன் அக்காவைப் பார்த்தான். அப்பாவை மறுபடி பார்த்தான். பிறகு கட்டிலில் இருந்து குதித்து வாசலுக்கு ஓடி வந்தான். மூன்று மாதமாக அவள் அவனை இருட்டில் உட்காரவைத்துத் தூக்கத்திலேயே சட்டை மாட்டியிருக்கிறாள். அவன் ஒரு நாளும் அழுததில்லை. அவனுக்கு அது பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

"அம்மா! ஏழு மணி வரைக்கும் தூங்கலாமாம்மா! நெஜம்மாவே!"

அவன் முகம் முழுக்க மலர்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"தூங்குடா" என்றாள். "நல்லாத் தூங்கு."

அவன் உள்ளே ஓடினான். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. அது கிழிந்து முடியும்வரை நின்றுவிட்டு, அவள் படி இறங்கினாள்.